பூமி கண்ட பனியும் வெயிலும்

ஒடிசா மாநிலத்தில் பிராமணி ஆற்றங்கரையில் தால்ச்சேர் என்றோர் ஊர் இருக்கிறது. நிலக்கரிக்குப் பெயர் பெற்ற இடம். கோடையில் அங்கே காயும் வெயிலைப் பட்டறிந்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 1856-ஆம் ஆண்டில் வில்லியம் பிளான்போர்டு, ஹென்றி பிளான்போர்டு என்னும் சகோதரர் இருவரும், தியோபால்டு என்பாரும் அப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்தனர். நிலக்கரிப் படுகைக்கும் அடியில் அவர்கள் கண்ட பாறை விசித்திரமானது. மாவுபோல் நொய்தான வண்டல் இறுகிக் கல்லாகியிருக்க, அதனூடே பெரும் பெரும் உருண்டைக் கற்கள் அங்கங்கே பதிந்து கிடந்தன. ஆறு கொண்டுவந்து சேர்த்ததாயின் இவை இப்படி இருக்க இயலாது. பெருங்கல்லை உருட்டும் வேகமுள்ள வெள்ளம் வண்டலைத் தங்கவிடாது. வண்டல் படியும் அளவுக்கு ஓய்ந்த நீர் பெருங்கல்லை அசைக்காது. பருத்ததையும் நுண்ணியதையும் ஒருசேரச் சுமந்து வந்து ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போகவல்லது பனிக்கட்டி ஒன்றே. பின்னாளில் மகாராஷ்டிரத்துச் சந்திரப்பூர்ப் பகுதியில், பென்கங்கை ஆற்றங்கரையில், இப்படுகையின் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை இழைத்ததுபோல் வழவழப்பாகவும், நீண்ட கீறல்கள் உடையதாகவும் இருக்கக் கண்டார்கள். பனிக்கட்டி ஆறு நகர்ந்த தடம் அது.

மாணவ நண்பர்களே, தால்ச்சேரில் பனிக்கட்டி ஆறா என்று நீங்கள் வியப்பது நியாயம். நிகழ்ந்தது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இதற்கு இரண்டு வகையாக விளக்கம் கூறலாம். பூமியின் தட்பவெப்பம் மாறியது என்பது ஒன்று. நாடு இடம் பெயர்ந்தது என்பது மற்றொன்று. இங்கே இரண்டும் உண்மை. அக்காலத்தில் இந்தியா தென் துருவத்தை அடுத்து, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா ஆகியவற்றோடு ஒட்டிக்கிடந்தது. அப்பெருநிலத்தை நாம் கோண்டுவானா என்கிறோம். மத்திய இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டை ஒட்டி எழுந்த பெயர். தால்ச்சேரில் உள்ளது போன்ற கற்படுகைகள் அக்கண்டங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. ஜெர்மானியரான ஆல்பிரட் வேகனர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்டபோது அவர் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் துருவத்தின் அருகில் இருந்துவிட்டால் மட்டும் பனி மூடிவிடாது. பின்னொரு காலத்தில் துருவ நிலங்களில் காடு செழித்திருந்தது. டைனோசார்களும் அங்கே திரிந்தன. ஆகவே இடம் ஒன்றே காரணமாகாது. பூமி முழுவதும் சில காலங்களில் குளிர்ந்தும் சில காலங்களில் வெம்மையுற்றும் இருந்திருக்கிறது. ஏன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதை இப்போது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பூமி வெப்பமடைந்து வருவதைப் பற்றிக் கல்லூரிகளில் பேசும்போதெல்லாம் ஒரு மாணவராவது எழுந்து, “தட்பவெப்பம் எக்காலத்திலும் மாறிக்கொண்டுதானே வந்திருக்கிறது? அப்போதெல்லாம் தொழிற்சாலை இருந்ததா?” என்று கேட்கிறார். சிலர் இதைக் குதர்க்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. கேள்வி நல்ல கேள்வி. விடைதான் கேட்பவர் எதிர்பார்க்கும் விடை அன்று. முன்பு மாற்றியவை எவை, அவை எவ்வளவு வேகமாக மாற்றின என்று தெரிந்தால் விடை தானே கிடைக்கும்.

முதலில் சூரியன். உயிருக்கும் ஒளிக்கும் மூலமாகிய சூரியனே மாறியிருக்கலாம் அன்றோ? மாறியே இருக்கிறது. ஆனால் அம்மாற்றம் மிக மிக மெதுவானது. பூமி தோன்றிய காலத்தில் சூரியனின் ஒளி இன்றைய ஒளியில் நூற்றுக்கு எழுபது பங்கே இருந்தது. அந்நிலையில் கடல் முழுவதும் உறைந்து கிடந்திருக்க வேண்டும். ஆயினும் கிரீன்லாந்தில் 380 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, நீரில் படிந்து உருவான பாறைகள் இருக்கின்றன. மங்கிய சூரியன், உறையாத கடல்! இம்முரணை எண்ணிப் பார்த்த அறிஞர்கள், பூமியைப் போர்த்தியிருந்த வாயுப் போர்வை அன்று கனமாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்குச் சிறிது பின்னர் வருவோம்.

சூரியனில் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் புள்ளிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் கொடைக்கானல் வானாய்வுக்கூடம் 1899-இல் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின் பின்னர், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை அறியலாம் என்ற நம்பிக்கையும் அக்கூடம் தோன்ற ஒரு காரணம். இன்று செயற்கைக் கோள்கள் அளந்து சொல்வது என்னவெனில், இச்சுழற்சியில் சூரிய ஒளி ஆயிரத்தில் ஒரு பங்களவே கூடிக் குறைகிறது. 1645 முதல் 1715 வரை புள்ளிகள் ஏறத்தாழ இல்லாமலே இருந்தன. அப்போது ஐரோப்பாவில் குளிர்காலங்கள் கடுமையாக இருந்தன. அதில் சூரியனுக்கும் பங்குண்டு. ஆனால் சிறிய பங்கு.

அடுத்தது எரிமலை. 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா என்னும் மலை வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கீழ்ப்பகுதியிலும் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் பனி பெய்தது; பயிர் அழிந்தது; சுவிட்சர்லாந்தில் மக்கள் பட்டினி கிடந்தனர். இதற்குக் காரணம் சாம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். சாம்பல் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். எரிமலை கக்கும் கந்தக வாயுவே முக்கியம். அது மேல் வளிமண்டலத்தில் நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, ஓரிரண்டு ஆண்டுகள் மிதந்து, சூரிய ஒளியைத் திருப்பியனுப்புகிறது. 1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினதுபோ வெடித்தபோது, பூமியின் சராசரி வெப்பநிலை அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. சுமத்திராவின் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதன் சாம்பல் ஆந்திரத்து ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெள்ளைப் படுகையாகக் கிடக்கிறது. அச்சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அத்தனை பெரிய வெடிப்பையும் கடந்து அங்கே மனிதர் வாழ்க்கை தொடர்ந்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

ஆக, ஒற்றை எரிமலை பூமியைச் சில ஆண்டுகள் குளிர்விக்கும். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக எரிமலைகள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இதற்கு நேர்மாறானது. அவை பூமியின் வயிற்றிலிருந்து கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. இவ்வாயு சூரிய ஒளியைத் தடையின்றி உள்ளே விடும். பூமி திருப்பியனுப்பும் வெப்பத்தை மட்டும் தடுத்து வைத்துக்கொள்ளும். 1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் புட், கண்ணாடிக் குழலில் இவ்வாயுவை நிரப்பி வெயிலில் வைத்து, அது காற்றைவிட மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859-இல் ஜான் டின்டால், வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதைச் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். இப்போர்வை அறவே இல்லையெனில் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 18 டிகிரி ஆகிவிடும். இப்போது அது உறைநிலைக்கு மேல் 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது.

எரிமலைகள் விடாது வெளியிடும் இவ்வாயு ஏன் பெருகிக்கொண்டே போகவில்லை? மழைதான் காரணம். மழைநீர் கரியமிலவாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அது பாறையைத் தின்கிறது. கரைந்த சுண்ணாம்புச் சத்து ஆறு வழியே கடலை அடைகிறது. சிப்பியும் நத்தையும் இன்னும் நுண்ணிய உயிர்களும் அதை ஓடாக்கிக்கொள்கின்றன. ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புக் கல்லாகின்றன. காற்றில் இருந்த வாயு கல்லுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. இதில் ஓர் அழகான ஏற்பாடும் உண்டு. பூமி சூடேறினால் மழை கூடும், பாறை வேகமாகக் கரையும், வாயு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் எல்லாம் மந்தமாகி வாயு மீண்டும் சேரும். இதனால்தான் மங்கிய சூரியனின் காலத்திலும் கடல் உறையவில்லை. சூரியன் ஒளி மிகுந்த பின்னும் அது கொதித்துப் போகவில்லை. ஆனால் இவ்வேற்பாடு வேலை செய்ய இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அவசரத்துக்கு உதவாது.

ஒரு முறை, அல்ல, இரு முறை, இவ்வேற்பாடே தோற்றுப்போகும் நிலை வந்தது. 72 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 63 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை உள்ள இடைவெளியில், பூமத்திய ரேகைக்கு அருகிலும் பனிக்கட்டி ஆறுகள் கடலைத் தொட்டன. வெண்பனி ஒளியைத் திருப்பியனுப்பும். அதனால் குளிர் மிகும். குளிர் மிகுந்தால் பனி பரவும். இச்சுழலில் சிக்கிய பூமி பனிப்பந்தாகிவிட்டது என்பது பலர் கொள்கை. மழை இல்லை, ஆதலின் கரியமிலவாயுவைக் கல்லாக்குவாரும் இல்லை. எரிமலைகளோ ஓயவில்லை. வாயு சேர்ந்து சேர்ந்து, முடிவில் பனி உடைந்தது.

நேர்மாறான காலத்தைக் காண விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. அரியலூருக்குப் போனால் போதும். இன்று கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் அப்பகுதியில், சுண்ணாம்புச் சுரங்கங்களில் சுருள்வடிவ நத்தை போன்ற அம்மோனைட்டுகள் அள்ள அள்ளக் கிடைக்கும். அங்கே நிலத்தை உழும்போது கொழுமுனையில் கடற்சிப்பி தட்டுப்படுவதுண்டு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. நிலம் தாழ்ந்ததும் ஒரு காரணம். உலகெங்கும் கடல் மட்டம் மிக உயர்ந்திருந்ததும் ஒரு காரணம். துருவங்களில் நிலையான பெரும் பனி இல்லாத, கரியமிலவாயு மிகுந்த வெப்பக் காலம் அது. அன்று கடலில் கரைந்திருந்த கரியமிலவாயுதான் அச்சிப்பிகளில் சிறைப்பட்டிருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டால் 44 கிலோ கரியமிலவாயு வெளியேறும். எஞ்சும் 56 கிலோவே சிமெண்டுக்கு ஆகும். இக்கணக்கை நினைவில் வைத்திருங்கள்.

அதன் பின்னர் இந்தியா வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது, இமயம் எழுந்தது. புதிதாக எழுந்த மலையில் மழை மோதிப் பாறையைக் கரைத்ததால் கரியமிலவாயு குறைந்து பூமி குளிர்ந்தது என்று ஒரு சாரார் கூறுவர். மோதலுக்கு முன் கடலடியில் எரிமலைகளின் வேகம் தணிந்ததே காரணம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், பூமி படிப்படியாகக் குளிர்ந்தது. சுமார் 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவில் பனி நிலைகொண்டது. வடக்கே பெரும் பனிப்பாளங்கள் வந்து போகத் தொடங்கியது இந்த 26 இலட்சம் ஆண்டுகளில்தான். இவ்வாறு அவை வந்து போவதையே பனியூழி என்கிறோம். அவை ஏன் வந்தன, ஏன் போயின என்ற புதிரை அவிழ்த்த கதை, விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆதலின் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் ஜூரா மலைச்சரிவுகளில், அம்மலைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத பெரும் பாறைகள் தனித்தனியே கிடந்தன. அவை ஆல்ப்ஸ் மலையைச் சேர்ந்தவை. பைபிள் கூறும் பெருவெள்ளம் அடித்து வந்தது என்று பலர் கருதினர். மலைவாழ் குடியானவர்களோ, பழங்காலத்துப் பனிக்கட்டி ஆறே அவற்றைச் சுமந்து வந்தது என்று முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். கற்றோர்தாம் பின்னால் வந்து சேர்ந்தனர். 1837-இல் நியூஷாட்டெல் நகரில் லூயி அகாசி என்னும் இளம் பேராசிரியர், மீன் புதைபடிவங்களைப் பற்றிப் பேசுவார் என்று எல்லாரும் காத்திருக்க, எழுந்து நின்று, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒருகாலத்தில் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என்று அறிவித்தார். சபை கொதித்தது. ஒரு தலைமுறைக்குள் உண்மை ஏற்கப்பட்டது. ஆனால் காரணம்?

இவ்விடத்தில் ஜேம்ஸ் குரோல் வருகிறார். 1821-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஏழை. ஆலைத் தச்சர், தேயிலைக் கடைக்காரர், விடுதி நடத்துபவர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்று தொட்ட தொழிலெல்லாம் கைகூடாமல், 1859-இல் கிளாஸ்கோ நகரத்து ஆண்டர்சன் கல்லூரியில் காவற்பணியாளராக அமர்ந்தார். சம்பளம் சொற்பம், ஆனால் அங்கே நல்ல நூல்நிலையம் இருந்தது. அங்கிருந்த நூல்களைப் படித்தே பௌதிகமும் வானநூலும் கற்ற அம்மனிதர், 1864-இல் பனியூழிகளுக்குக் காரணம் பூமியின் பாதையில் நேரும் மாறுதலே என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரிய விஞ்ஞானிகள் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டனர். 1876-இல் அவர் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்.

பூமியின் பாதை முழு வட்டம் அன்று, சற்றே நீண்டது. அந்நீட்சி ஏறத்தாழ ஒரு இலட்சம் ஆண்டு அளவில் கூடிக் குறைகிறது. பூமியின் அச்சு நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறது. அச்சாய்வு 22 டிகிரிக்குச் சற்று மேலிருந்து 24½ டிகிரி வரை 41,000 ஆண்டில் ஒருமுறை ஏறி இறங்குகிறது. மூன்றாவது, ஓய்ந்துவரும் பம்பரம் தலையைச் சுழற்றுவதுபோல் பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டில் ஒருமுறை தலை சுற்றுகிறது.

இம்மூன்றாவது அசைவின் அடையாளம் நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் சூரியன் தெற்கெல்லையைத் தொட்டு வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளில். இடையே சுமார் 24 நாள் வேறுபாடு. 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. அச்சு தலைசுற்றுவதால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி வந்திருக்கின்றன. இதைத்தான் சோதிட நூலார் அயனாம்சம் என்று கணக்கிடுகிறார்கள். 24 நாள் விலகல் நமக்கு ஒரு பண்டிகைச் செய்தி. 11,000 ஆண்டு விலகலோ ஒரு கண்டத்தின் தலைவிதி.

எவ்வாறெனில், இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலையில் 50 இலட்சம் கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. (அருகில் இருக்கும்போது நமக்குக் குளிர்காலம் ஏன் என்று இதுவரை யோசித்திராதவர்கள் இன்று யோசியுங்கள்.) 11,000 ஆண்டுகளுக்கு முன் இது தலைகீழாக இருந்தது, வட பாதியின் கோடையும் சூரியனின் அருகாமையும் சேர்ந்து வந்தன. கோடை வெயில் இன்றைவிட நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அதிகம். நிலம் கூடுதலாகச் சூடேறியது, பருவக்காற்று வலுத்தது, சகாராப் பாலைவனத்தில் மழை பெய்தது. புல்வெளியும் ஏரியும் நிறைந்திருந்தன, நீர்யானைகள் வாழ்ந்தன. அல்ஜீரியாவின் தஸ்ஸீலிப் பாறைகளில் அக்கால மக்கள் தீட்டிய மாட்டு மந்தைகளை இன்றும் காணலாம். அச்சு மேலும் திரும்பத் திரும்ப மழை தெற்கே ஒதுங்கியது. 5,000 ஆண்டுகளுக்கு முன் பாலை மீண்டது.

குரோலின் கணக்கில் ஒரு குறை இருந்தது. கடுங்குளிர்காலமே பனியூழியைத் தருகிறது என்று அவர் எண்ணினார். கடைசிப் பனியூழி முடிந்து 80,000 ஆண்டுகள் ஆயின என்பது அவர் கண்ட விடை. நிலவியலாரோ அது மிக அண்மையில் முடிந்தது என்று காட்டினர். குரோல் 1890-இல் மறைந்தார். கொள்கையும் அவரோடு உறங்கியது.

அதை எழுப்பியவர் மிலுட்டின் மிலான்கோவிச் என்னும் செர்பியர். சிமெண்டுக் கட்டடங்களில் தேர்ந்த பொறியியலறிஞர். 1909-இல் நல்ல வருமானத்தை விட்டுவிட்டு பெல்கிரேட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1914-இல் மணமுடித்துத் தம் சொந்த ஊராகிய டாலியில் தங்கியிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. ஊர் ஆஸ்திரிய–ஹங்கேரி அரசின் ஆளுகையில் இருந்தது. மாப்பிள்ளை பகைநாட்டுக் குடிமகன். பிடித்துச் சிறையிட்டனர். பெட்டியில் காகிதங்கள் இருந்தன. சிறையறையிலேயே கணக்கைத் தொடர்ந்தார். பின்னர் நண்பர் உதவியால் புடாபெஸ்ட் நகரில் தங்க அனுமதி கிடைத்தது. அங்கே ஹங்கேரிய விஞ்ஞானக் கழகத்தின் நூல்நிலையத்தில் அமர்ந்து போர்க்காலம் முழுவதும் கணக்கிட்டார்.

அவருடைய நூலைக் கண்ட விளாடிமிர் கோப்பன், வேகனருடைய மாமனார், ஒரு யோசனை எழுதினார். குளிர்காலத்தை அன்று, கோடையைக் கணக்கிடுக என்பதே அது. இது மிக நுட்பமான கருத்து. வட துருவத்தை அடுத்த நாடுகளில் குளிர்காலத்துப் பனிக்கு எக்காலத்திலும் குறைவில்லை. கேள்வி, அது கோடையில் முழுதும் உருகுகிறதா என்பதே. கோடை மெலிந்து விரற்கடை பனி மிஞ்சினாலும், அடுத்த ஆண்டுப் பனி அதன்மேல் விழும். கடனுக்கு வட்டி சேர்வதுபோல் ஆண்டுதோறும் மிச்சம் ஏறிப் பல்லாயிரம் ஆண்டில் கிலோமீட்டர்க் கணக்கில் உயரும். கணக்குப்பொறி இல்லாத அக்காலத்தில், ஆறு இலட்சம் ஆண்டுகளின் கோடை வெயிலை மிலான்கோவிச் கையால் கணக்கிட்டார். அவருடைய பெருநூல் 1941-இல் அச்சாகிக்கொண்டிருந்தபோது ஜெர்மானிய விமானங்கள் பெல்கிரேடைத் தாக்கின, அச்சகம் தரைமட்டமாயிற்று. நல்லூழாக, அச்சான தாள்களில் பெரும்பாலானவை கிடங்கில் தப்பின.

அவர் 1958-இல் காலமானார். அப்போது அவர் கொள்கைக்கு ஆதரவு குறைவு. சான்று கடலடியிலிருந்து வந்தது. கடல்நீரில் உள்ள பிராணவாயுவில் இலேசானதும் கனமானதும் உண்டு. இலேசானது எளிதில் ஆவியாகி, பனியாகப் பெய்து, பனிப்பாளத்தில் தங்கிவிடும். கடலில் கனமானதன் பங்கு கூடும். இக்கணக்கு நுண்ணுயிர்களின் ஓட்டில் பதிவாகும். தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றைக் குழாயிட்டு எடுத்து, ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்னும் மூவர் 1976-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். 41,000 ஆண்டு அசைவும், 23,000 ஆண்டை ஒட்டிய அசைவும், ஒரு இலட்சம் ஆண்டு அசைவும் அச்சேற்றில் எழுதியிருந்தன. மிகச் சிறிய விளைவுடைய ஒரு இலட்சம் ஆண்டு அசைவு ஏன் எல்லாவற்றினும் பலமாகத் தெரிகிறது என்ற விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

பாதையின் அசைவு தொடக்கி வைக்கிறது. பெருக்கி விடுபவர் வேறு. பனி பரவினால் ஒளி திரும்பும். கடல் குளிர்ந்தால் கரியமிலவாயுவை விழுங்கும். அண்டார்க்டிகாவில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனிக்கட்டியில் 8 இலட்சம் ஆண்டுக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. அதில் கரியமிலவாயு, பத்து இலட்சம் பங்கில், பனியூழியில் 180 என்ற அளவிலும், இடைவெப்பக் காலங்களில் 280 முதல் 300 வரையிலும் இருந்தது.

21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கானடாவும் ஸ்காண்டிநேவியாவும் பனியடியில் இருந்தன. அவ்வளவு நீரும் கடலிலிருந்து போனதே. ஆகவே கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அதில் எத்தனை பங்கு ஆழம்? இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். பின்னர் கடல் ஏறியது. நம் பழைய கடல்கோட் கதைகளை இதனோடு முடிச்சிட ஆசை எழுவது இயல்பு. ஆனால் அவ்வேற்றம் சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். மிக விரைந்த காலத்திலும் நாலைந்து சென்டிமீட்டர். ஒரே இரவில் ஊரை விழுங்கிய பேரலை அன்று அது.

அப்பனியூழிக்கும் அதன் பின்வந்த வெப்பக் காலத்துக்கும் உலகச் சராசரியில் உள்ள வேறுபாடு 5 அல்லது 6 டிகிரிதான். அதைக் கடக்க இயற்கை ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதாவது ஒரு டிகிரிக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆண்டுகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இன்றுவரை ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அதிலும் பெரும்பகுதி கடந்த 50 ஆண்டுகளில் ஏறியது.

மாணவரின் கேள்விக்கு இப்போது வருவோம். பழைய காரணங்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கலாம். சூரியனா? 1980 முதல் அதன் ஒளி கூடவில்லை. மேலும், சூரியனே சூடேற்றினால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அது குளிர்ந்து வருகிறது. கீழே போர்வை கனத்ததன் அடையாளம் அது. எரிமலையா? உலகத்து எரிமலைகள் எல்லாம் ஓராண்டில் விடும் கரியமிலவாயு, நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வாயுவின் அளவோ, 1958-இல் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-ஆம் ஆண்டின் சராசரி 420-க்கும் மேல். எட்டு இலட்சம் ஆண்டுக் குமிழ்களில் காணாத எண். புதிதாகச் சேர்ந்த வாயு புதைபொருள் எரிந்து வந்ததே என்பதற்குக் கரியின் வகைகளே சாட்சி: நெடுங்காலம் மண்ணுள் கிடந்த கரியில் கதிர்வீச்சுக் கரி அழிந்துவிட்டிருக்கும், காற்றில் அதன் பங்கு அதற்கேற்பக் குறைந்திருக்கிறது. அரியலூர்க் கல்லில் 44 பங்கு என்றேனே, அக்கணக்கும் இதிலேயே சேரும்.

எஞ்சியது பூமியின் பாதை. அதன் கணக்கு நமக்குத் துல்லியமாகத் தெரியும். வடபாதியின் கோடை வெயில் 11,000 ஆண்டுகளாகக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. அதன்படி பூமி மெல்லக் குளிர வேண்டும். மரவளையங்களும் பவளங்களும் ஏரிச் சேறும் பனிக்கட்டியும் காட்டுகிறபடி, கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் அது மெல்லக் குளிர்ந்துதான் வந்தது, 19-ஆம் நூற்றாண்டு வரை.